சூச்சின் போட்ட குரோமியக் கணக்கு

கெங் சூச்சினிடம் யாரும் கணக்கில் ஏமாற்ற முடியாது என்பது தோல் பதனிடும் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சந்தையில் பன்றி இறைச்சி வாங்கினால் கடைக்காரன் எடை போட்டுக் கொடுத்ததோடு விடமாட்டாள். பைக்குள்ளிருந்து தன்னுடைய கொக்கித் தராசை எடுப்பாள். கடைக்காரன் முகம் சுண்டிப் போகும்.

"அக்கா, நேத்தும் எடை போட்டுப் பாத்தீங்க, முந்தாநாளும் பாத்தீங்க. ஒரு நாளாவது கொறஞ்சுதா?"

"நான் பாக்கறதாலதான் கொறையல" என்பாள்.

நாற்பத்தேழு வயது. ஒல்லியான உடம்பு, நீளக் கழுத்து, யார் எதைச் சொன்னாலும் முதலில் 'இல்லை' என்று ஆட்டுவதற்கென்றே அமைந்த தலை. படிப்பில் கெட்டிக்காரி. ஒன்பதாம் வகுப்பில் முதல்முதலாக வேதியியல் வந்தபோது வகுப்பே திருதிருவென்று முழித்தது. சூச்சினுக்கு மட்டும் அது சர்க்கரையாக இனித்தது. அதே வருடக் கடைசியில் அப்பா அவளைக் கையுறை தைக்கும் பட்டறையில் சேர்த்துவிட்டார். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்ததுதான். அழுதாள், பிறகு தைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு தோல் பதனிடும் ஆலையில் வேலை கிடைத்தது. பத்தொன்பது வருடமாக அங்கேதான், ஈரத் தோலின் ஓரங்களைக் கத்தியால் சீராக்கும் மேசையில். பதனிடும் டிரம்மிலிருந்து வெளியே வரும்போது தோல் வானத்து நீலத்தில் இருக்கும். அந்த நீலம் அவள் நகக்கண்ணில் ஏறி நிரந்தரமாகக் குடியிருந்தது.

அந்த நீலத்தை உண்டாக்குகிறவன் அவள் கணவன். பியென் லியான்ஷான், ஐம்பத்தொரு வயது, நல்ல தோள், குறைந்த பேச்சு. வீடு போலப் பெரிய மர டிரம்கள் வரிசையாக உருளுகிற கூடத்தில் அவனுக்கு மூன்றாம் டிரம். சுண்ணாம்பில் ஊறிய தோலை அள்ளி உள்ளே தள்ளி, பச்சை நிறக் குரோம் தூளை மூட்டை மூட்டையாகக் கொட்டி, மூடியைப் பூட்டி, ஓடவிட வேண்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வீட்டில் எதையாவது கூட்டிக் கழிக்க வேண்டி வந்தால், "அவளைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் சூரியகாந்தி விதையைக் கொறிக்கப் போய்விடுவான். மகன் தியான்ஜின்னில் வேலை பார்க்கிறான். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

அந்த வருட இலையுதிர் காலத்தில் லியான்ஷானின் கையில் புண் வந்தது. விரல் இடுக்கில் சிவந்து, வெடித்து, காய்ந்து, மறுபடி வெடித்தது. பனி ஆரம்பித்ததும் மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தது. சூச்சின் களிம்பு தடவினாள், திட்டினாள், மறுபடி தடவினாள். அவ்வளவுதான் விஷயம் என்றிருந்தாள், க்வேய்ரோங் வாயைத் திறக்கும்வரை.

ஷி க்வேய்ரோங் எதிர் மேசைக்காரி. கை தோலில் இருக்கும், கண் கைப்பேசியில் இருக்கும். உலகத்தில் எங்கே என்ன கெட்டது நடந்தாலும் முதலில் இவளுக்குத்தான் தகவல் வரும்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரர் கைப்புண்ணு ஆறிடுச்சா?"

"ஒரு கையில ஆறிச்சு. இன்னொரு கையில வந்திருக்கு."

"மூக்குல ரத்தம் வருதுன்னு சொன்னீங்களே?"

"ஹீட்டரைப் போட்டா எல்லார் மூக்கும்தான் காயுது. ஏன் கேக்கற?"

க்வேய்ரோங் கைப்பேசியை நீட்டினாள். அதில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். குரோமியம் இரண்டு விதமாம். இணைதிறன் மூன்றாக இருந்தால் அது சாது, யாரையும் ஒன்றும் செய்யாது. ஆறாக இருந்தால் கொடூரம். முதலில் தோலில் புண். பிறகு மூக்கில் ரத்தம், மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை. கடைசியில் நுரையீரலில் புற்றுநோய். வெள்ளைக் கோட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். சூச்சினும் மடக்கிப் பார்த்தாள். இரண்டு விரல் மடங்கிவிட்டது.

"நம்ம டிரம்முல போடறது எது? மூணா, ஆறா?"

"அதான் அக்கா எனக்கும் தெரியல. எங்க வீட்டுக்காரர் மோட்டார் கடையில இருக்கார், எனக்கென்ன வந்தது. ஒங்களை நெனச்சாத்தான்…" என்று பாதியில் நிறுத்திவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். நல்லெண்ணத்தோடு வயிற்றில் புளியைக் கரைப்பதில் க்வேய்ரோங்குக்கு இணை கிடையாது.

சூச்சின் நேரே கூடத்து மேஸ்திரி ஹௌவிடம் போனாள். ஹௌ வழுக்கைத் தலையர், உரத்த குரல்காரர், தொழிலில் கெட்டி. அடுத்தவர் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்பதில்தான் அவருக்குப் பொறுமை இல்லை.

"நாம போடறது மூணா, ஆறா?"

"எது? டிரம்மா?"

"குரோமியம்."

"ஏம்மா, இருபத்திரெண்டு வருஷமா இந்தத் தூளுக்குப் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிடறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?"

"ஒங்களுக்கு முடி கொட்டிப் போச்சு."

"எங்கப்பாவுக்கும்தான் கொட்டிச்சு! அவரு தச்சரு! போம்மா, போய் வேலையப் பாரு, ஒண்ணும் ஆகாது."

'ஒண்ணும் ஆகாது' என்பது சூச்சினைப் பொறுத்தவரை பதிலே இல்லை. தராசில் வைத்துப் பார்க்க முடியாத எந்தப் பேச்சையும் அவள் நம்பியதில்லை. வீட்டுக்கு வந்து கணவனிடம் கேட்டாள். அவன் சிரித்தான்.

"பச்சையாத்தானே இருக்கு? கீரையும்தான் பச்சை."

வழக்கத்தை விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். அதை அவள் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்து வைத்திருந்தாள். சோம்புத் தழையும் இறைச்சியும் சேர்த்த பூரணம், லியான்ஷான் ஒரே மூச்சில் முப்பது உள்ளே தள்ளுவான். பலகையில் மாவு தூவி, உருளையைக் கையில் எடுத்தவள் தற்செயலாக ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தாள். அங்கே சுவரோரமாகக் குளிர்காலத்துக்கு வாங்கிய முட்டைக்கோஸ் அடுக்கியிருந்தது, அறுபத்திரண்டு. பனி படாமல் மேலே கனமான சாக்குகள் போர்த்தியிருந்தன. ஆலையில் காலியாகும் குரோம் தூள் சாக்குகள்தான். தடிமனானவை, கிழியாதவை, கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லாதவை. அந்த ஊரில் தோல் வேலை பார்க்கும் வீடு எதை எட்டிப் பார்த்தாலும் முட்டைக்கோஸ் இதே சட்டைதான் போட்டிருக்கும்.

சாக்கின் மேல் பச்சை மையில் கொட்டை எழுத்தில் வாய்பாடு அச்சிட்டிருந்தது: Cr₂(SO₄)₃.

பத்தொன்பது வருடமாகப் பார்த்த எழுத்து. ஒரு நாள்கூடப் படித்ததில்லை. சூச்சினுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. யாரைப் போய் என்னத்துக்குக் கெஞ்ச வேண்டும்? விடை முற்றத்திலேயே படுத்துக் கிடக்கிறதே!

அந்த நாட்டில் ஒன்பதாம் வகுப்புப் படித்த அத்தனை பேருக்கும் இணைதிறன் பாட்டு ஒன்று தெரியும். எந்தத் தனிமத்துக்கு ஒன்று, எதற்கு இரண்டு, எதற்கு மூன்று என்று மெட்டுப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்திருப்பார்கள். கல்யாண நாளை மறப்பார்கள், அந்தப் பாட்டை மறக்கமாட்டார்கள். சூச்சின் உருளையால் பலகையில் தாளம் தட்டிக்கொண்டே முணுமுணுத்தாள். பொட்டாசியமும் சோடியமும் ஒன்றாகப் போயின. கால்சியமும் மெக்னீசியமும் இரண்டாகப் போயின. இரும்பு இரண்டும் மூன்றுமாக வந்தது. கடைசிவரை பாடிவிட்டாள், குரோமியம் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து பாடினாள். இல்லவே இல்லை. பாட்டைக் கட்டியவர் குரோமியத்தை ஆளாகவே மதிக்கவில்லை போலிருக்கிறது.

பாட்டில் இல்லாதவனைக் கூட இருப்பவர்களை வைத்துக் கண்டுபிடி என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு சேர்மத்தில் பிளஸ் எல்லாவற்றையும் மைனஸ் எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். ஒரு பக்கத்துக் கணக்குத் தெரிந்தால் மறுபக்கம் தானாக வந்து விழும். சூச்சின் பலகையிலிருந்த மாவை உள்ளங்கையால் பரப்பிவிட்டு விரலால் எழுதினாள். சல்பேட் என்பது நாலு ஆக்சிஜனும் ஒரு கந்தகமும் சேர்ந்த கூட்டுக் குடும்பம். பாட்டின் வாலில் அதற்கென்று தனி இடம் உண்டு, மைனஸ் இரண்டு. அப்படி மூன்று குடும்பம். மூவிரண்டு ஆறு, மைனஸ் ஆறு. அதைச் சரிக்கட்ட எதிரே குரோமியம் பிளஸ்ஸில் நிற்க வேண்டும்.

ஆறு.

வேறு எந்த எண் வந்திருந்தாலும் இரண்டாம் முறை போட்டுப் பார்த்திருப்பாள். அதுதான் அவள் குணம். ஆனால் மூன்று நாளாக நெஞ்சில் வைத்துப் பயந்துகொண்டிருந்த எண்ணே கண்ணெதிரில் வந்து நின்றபோது, சரிபார்க்க வேண்டும் என்ற நினைப்பே எழவில்லை. பயம் அவளுக்கு முன்னால் ஓடிப்போய்க் கணக்கை முடித்துவிட்டது.

லியான்ஷான் வினிகர் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவன் மனைவி ஒரு கைக்கு ஒன்றாக முட்டைக்கோஸைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறப் பள்ளத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். முக்கால்வாசி போய்விட்டிருந்தது.

"என்னடி பண்ற?"

"வெஷம். எல்லாத்து மேலயும் வெஷச் சாக்கைப் போத்தி வெச்சிருக்கோம். கிட்ட வராத."

"யாரு சொன்னா வெஷம்னு? அந்த க்வேய்ரோங்கா?"

"எவளும் சொல்லல. உள்ள வந்து பாரு. நானே போட்டேன்."

அவன் சமையலறைக்குள் போய்ப் பலகையைப் பார்த்தான். மாவில் கோடுகளும் எண்களுமாக இருந்தன. அவனுக்கு அதில் கடைசி எண் மட்டும்தான் புரிந்தது. வினிகர் பாட்டிலை இறக்கி வைக்காமலே நெடுநேரம் நின்றான்.

"ஆறா?" என்றான்.

"ஆறு. நாளைக்கே வேலைய விட்டுடு. நாளைக்கென்ன, இப்பவே ஹௌவுக்குப் போன் பண்ணு."

"விட்டுட்டு? அம்பத்தொரு வயசுல எவன் என்னைக் கூப்பிட்டு வேலை குடுப்பான்?"

"யோவ் பியென், ஒன் மூக்குல ஓட்டை விழுந்தப்புறம் எவன் குடுப்பான்? நீ மனுஷனா கோவேறு கழுதையா? சொன்னா ஏறவே ஏறாதா?"

"கொழுக்கட்டைய வேக வை. பசிக்குது."

பசிக்குது என்றவன் நாலே நாலுதான் சாப்பிட்டான். கோபத்தில் முறுக்கிக்கொண்டிருக்கிறான் என்று அவள் நினைத்தாள். அவளும் முறுக்கிக்கொண்டாள். ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தார்கள். திங்கள் காலையில் அவள் கண் விழித்தபோது அவன் கஞ்சிகூடக் குடிக்காமல் ஆலைக்குப் போய்விட்டிருந்தான். இத்தனை சொல்லியும்! சூச்சினுக்கு வந்த ஆத்திரத்தில் தலைவாரக்கூடக் கை நிற்கவில்லை. ஆத்திரத்துக்கு அடியில் இருந்தது வெறும் பயம்தான். இந்த மனிதன் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைத்துப் பார்க்கப் பார்க்க இன்னும் ஆத்திரமாக வந்தது.

மத்தியான மணி அடித்ததும் கத்தியை மேசையில் வைத்துவிட்டு டிரம் கூடத்துக்கு நடந்தாள். க்வேய்ரோங் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பின்னாலேயே ஓடினாள்; இதைத் தவறவிட அவளுக்கென்ன பைத்தியமா?

கூடத்து வாசலில் வெயில் விழும் இடத்தில் ஆட்கள் குந்தி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முட்டைக்கோஸும் சேமியாவும் இறைச்சியும் ஒன்றாகக் கொதித்த பெரிய பானைக் குழம்பு, அதில் தோய்த்துச் சாப்பிட ஆவியில் வெந்த வெள்ளை ரொட்டி. லியான்ஷான் மட்டும் தள்ளிப்போய் மூன்றாம் டிரம்மின் நிழலில் உட்கார்ந்திருந்தான். கிண்ணம் மடியில் இருந்தது. சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் ஒரு கரும்பலகை தொங்கும். எவ்வளவு தோல், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு தூள், எத்தனை மணி நேரம் என்று மேஸ்திரி கைப்பட எழுதி வைத்திருப்பார். சூச்சின் மூன்றாம் டிரம்மின் பலகையைச் சட்டைக் கையால் ஒரே இழுப்பில் அழித்தாள்.

"ஐயோ!" என்று அலறினார் ஹௌ. "என் அளவு! ஏம்மா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"இங்க ஒம்பதாங் கிளாஸ் படிச்சவங்க யாரு யாரு?" என்று கேட்டாள்.

ஏழு பேர் கை தூக்கினார்கள். நாலு கையில் ரொட்டி இருந்தது.

"நல்லாப் பாத்துக்கங்க. என் வாயால சொன்னா நம்பமாட்டீங்க. நீங்களே போடுங்க." சாக்கில் இருந்த வாய்பாட்டைச் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதினாள். "தெனமும் கொட்டற தூளு இதுதானே? இதுல குரோமியம் எத்தனை?"

ஏழு பேரும் பாட ஆரம்பித்துவிட்டார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய வகுப்பறை கூடத்து வாசலில் வந்து குந்திக்கொண்டது. ஒருவன் கிண்ணத்தைத் தட்டித் தாளம் போட்டான். இரும்புக்குப் பிறகு என்ன என்று இரண்டு பேருக்குள் தகராறு வந்தது.

"குரோமியம் பாட்டுல வரலியே?" என்றான் ஒருவன்.

"வராது. நானும் ரெண்டு தடவை பாடிட்டேன்."

"பாட்டுல இல்லேன்னா அப்படி ஒண்ணு கெடையாது" என்று தீர்ப்புச் சொன்னான் கூ தாபாவ். தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டும் இயந்திரத்துக்காரன், ஒன்பதாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன். எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"கூட இருக்கறவனை வெச்சுப் போடுங்கப்பா" என்றாள் சூச்சின்.

"கந்தகத்துக்கு மூணு நாலு எண் வருமே, அண்ணி? எதை எடுக்கறது?"

"கந்தகத்தைத் தனியா ஏன்யா பிக்கற? சல்பேட்டு மொத்தமா எத்தனை? பாட்டோட வாலைச் சொல்லுங்க."

வாலை எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். மைனஸ் ரெண்டு.

"அது மாதிரி எத்தனை?"

"மூணு!"

"அப்ப மொத்தம்?"

"மைனஸ் ஆறு!"

"அப்ப குரோமியம்?"

"ஆறு!" என்றன ஏழு வாய்கள், மெட்டு விலகாமல்.

சொன்ன பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. அந்தக் காணொளியை க்வேய்ரோங் புண்ணியத்தில் ஆலையில் பார்க்காதவர் இல்லை. கிண்ணங்கள் மெல்லத் தரைக்கு இறங்கின. ஒருவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஹௌவின் கை தானாகப் போய் வழுக்கைத் தலையைத் தடவியது.

தாபாவ் மட்டும் மென்றுகொண்டிருந்தான். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுக் கையிலிருந்த ரொட்டியாலேயே பலகையைக் காட்டினான்.

"அண்ணி, குரோமியத்துக்குக் கீழ பொடியா ஒரு ரெண்டு இருக்கே. அது யாருது?"

எல்லோரும் பலகைப் பக்கம் திரும்பினார்கள்.

"இல்ல, நான் எப்பவும் அதை விட்டுடுவேன். விட்டா எங்க வாத்தியாரு பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெப்பாரு. மூணு வருஷமும் அந்த ஒரே ரெண்டுக்காகத்தான் நின்னேன். அதனாலதான் ஞாபகம் இருக்கு."

சூச்சின் பலகையைப் பார்த்தாள். அந்த இரண்டை எழுதியவளே அவள்தான். மாவிலும் எழுதினாள், இங்கேயும் எழுதினாள். குரோமியம் ஒருவன் இல்லை, இரண்டு பேர். ஆறு அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து. பங்கு போட்டால் ஆளுக்கு மூன்று.

காதுவரை சிவந்துபோனாள். ஊருக்கே தராசு பிடித்தவள், இத்தனை பேர் முன்னால், அதுவும் தாபாவிடம்! சுண்ணக்கட்டி இரண்டாக உடைந்தது. உடைந்த துண்டால், ஆறுக்குப் பக்கத்தில், இரண்டால் வகுத்து, மூன்று என்று எழுதினாள்.

கூடம் 'ஓ' என்று கத்தியது. தாபாவின் முதுகில் அடி மழையாக விழுந்தது. "டேய், மூணு தடவை பெயிலானது வீண் போகலடா!" என்றான் ஒருவன். "அண்ணி, அறுபது முட்டைக்கோஸாமே? எந்தப் பள்ளம்னு சொல்லுங்க, நான் வண்டி எடுத்துட்டுப் போறேன்" என்றான் இன்னொருவன். க்வேய்ரோங் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தாள், தொடக்கிவைத்ததே தான் என்பது நினைவில்லாமல்.

சூச்சின் பக்கத்தில் குவித்திருந்த ஈரத் தோலின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, கண்ணீரும் சேர்ந்து வந்தது. மானம் போனது போகட்டும் என்று இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவள் வாழ்க்கையில் எந்தக் கணக்கிலும் தோற்றதில்லை.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே!" என்று ஹௌ குதித்தார்.

"நீங்க ஒண்ணும் ஆகாதுன்னுதானே சொன்னீங்க? மூணுன்னு எங்க சொன்னீங்க?"

"ஆறா இருந்தா தூளு ஆரஞ்சு நெறத்துல இருக்கும்மா! நான் சேந்த புதுசுல அப்படித்தான் வரும். சக்கரைய ஊத்திக் காய்ச்சிப் பச்சையாக்கித்தான் டிரம்முல விடுவோம். இப்பத்தான் பச்சையாவே மூட்டையில வருதே!"

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"நீதான் என் தலைமுடியப் பத்திப் பேசினியே!"

"அப்ப இவரு கைப்புண்ணு?"

ஹௌ லியான்ஷானின் பக்கத்தில் கிடந்த கையுறையை எடுத்து உள்ளே ஊதினார். மூன்று விரல் நுனியில் காற்று வெளியேறியது. "சுண்ணாம்புத் தோலை ஓட்டைக் கையுறையோட அள்ளினா புண்ணு வராம பூவா வரும்? ரெண்டு மாசமா ஒரு வார்த்தை கேட்டானா பாரு! மொதல்ல போய்ப் புதுசு எடுத்துக்க. ஹீட்டர் மேல ஒரு கிண்ணம் தண்ணி வை, மூக்கு சரியாப் போயிடும். அப்பவும் போகலேன்னா டாக்டரைப் பாரு, க்வேய்ரோங்கைப் பாக்காத!"

மறுபடி சிரிப்பு எழுந்தது. லியான்ஷான் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்தான். கிண்ணம் இன்னும் கையிலேயே இருந்தது. குழம்பு ஆறி, மேலே கொழுப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. பலகைக்கு முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவை போடு" என்றான்.

"என்னய்யா, அதான் எல்லாரும் பாத்தாச்சே?"

"போடேன்."

அவள் தோல் குவியலிலிருந்து எழுந்து போட்டாள். மூன்று மைனஸ் ரெண்டு, மைனஸ் ஆறு, எதிரே பிளஸ் ஆறு, ரெண்டு பேருக்குப் பங்கு. மூணு. யாரோ ஒருவன் ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தான். லியான்ஷானின் முகத்தைப் பார்த்துவிட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டான்.

"இன்னொரு தடவை. மெதுவா."

அப்போதுதான் சூச்சின் அவனைச் சரியாகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நீ தூங்கலியா?"

"எங்க தூங்கறது?" அவன் பலகையைப் பார்த்தபடியே பேசினான். "இருபத்திநாலு வருஷத்துல நீ போட்ட கணக்கு ஒண்ணு தப்பா வந்து நான் பாத்ததில்ல. நீ ஆறுன்னு சொன்ன. அப்ப ஆறுதான்னு இருந்துட்டேன்."

"அப்புறம் எதுக்குய்யா காலையில எந்திரிச்சு வந்த? அவ்வளவு சொல்லியும்?"

"அதான் முடிஞ்சு போச்சே. இனிமே விட்டு என்ன ஆகப்போகுது? இருக்கற வரைக்கும் ஓட்டி, ஒனக்கு ஏதாவது மிச்சம் பண்ணிட்டுப் போகலாம்னு பாத்தேன்."

கோவேறு கழுதை என்று திட்டியது சூச்சினுக்கு நினைவுக்கு வந்தது. அவள் பயந்தாள், கத்தினாள், முட்டைக்கோஸை வீசினாள். அவன் ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் படுத்து, அவள் மாவில் எழுதியதை அப்படியே நம்பி, விடியும்வரை தன் சாவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பலகையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள், ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகச் சொல்லி, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற நிதானத்தில்.

ஐந்து தடவை போட்டாள். ஐந்து தடவையும் மூன்று வந்தது. ஐந்தாம் தடவை, ரெண்டு பேருக்குப் பங்கு என்று அவள் நிறுத்தியபோது, அவனே முந்திக்கொண்டு, "மூணு" என்றான்.

பிறகு ரொட்டியைப் பிய்த்து ஆறிப்போன குழம்பில் தோய்த்து வாயில் போட்டான். இரண்டாவது வாய் போட்டான். மூன்றாவது வாய்க்குப் பிறகு கிண்ணத்தைத் தூக்கிக் குழம்பை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"உப்பு கம்மி" என்றான்.